ஒரு வார்த்தை விடாத ஆக்சிலியா

மாரண்டஹள்ளியில் தக்காளி டெம்போ ஓட்டுகிறவன் நான். பெயர் பச்சியப்பன். ஆறாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. ஆக்சிலியா என்ற பெண்ணைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகள் மலர்விழிக்குப் பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது போனது. மெஷின் வைத்தும் பலன் இல்லை. பேச்சு மட்டும் போகவில்லை. நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அதற்காகவே நான் மீசையை எடுத்தேன். ப்ளஸ் டூ வரை முட்டி மோதி வந்து, தருமபுரியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள்.

அங்கே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஆக்சிலியா. எங்கள் ஊர் பஸ்ஸில்தான் அவளும் வருவாள். அப்பா இல்லை. அம்மா இசபெல்லா பூந்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார். ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருசம் துணிக்கடையில் நின்று, அந்தச் சம்பளத்தில் பாலக்கோட்டில் டைப்பும் தமிழ் ஷார்ட்ஹேண்டும் படித்துப் பாஸ் செய்திருந்தாள். கோர்ட்டில் ஸ்டெனோ ஆக வேண்டும், கையில் ஒரு டிகிரியும் இருக்கட்டும் என்று கல்லூரிக்கு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

பாடம் எடுக்கிற சார் நடந்துகொண்டே பேசுவாராம், பாதி நேரம் போர்டைப் பார்த்து. உதடு எங்கே தெரியும்? இரண்டு பேருக்கும் சேர்த்து நானே நோட்ஸ் எடுக்கிறேன் என்று ஆக்சிலியா கிளம்பினாள். அவளை யாரும் கேட்கவில்லை.

முதலில் போனில் பேச்சை எழுத்தாக்கும் ஆப்பை வைத்துப் பார்த்தார்கள். ஃபேன் சத்தத்திலும் சாரின் வேகத்திலும் அது ஏதோ உளறிக் கொட்டியது. பிறகு ஆக்சிலியா நோட்டுப் பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் முக்கியச் சொல், வலப்பக்கம் விளக்கம், அடியில் சுருக்கம் என்று எழுதினாள். பரீட்சைக்கு நல்ல முறை. மலர்விழி அதைப் படித்துத்தான் முதல் டெஸ்டில் அறுபத்தெட்டு வாங்கினாள்.

அப்படியும் தீபாவளி லீவில் என்னிடம் வந்து, காலேஜ் வேண்டாம், ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்றாள். நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தினம் வாடிய முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்திருந்தது. சரி, போ என்றேன். ஒரு அப்பன் செய்கிற வேலையா அது? இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

விசயம் தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஆக்சிலியா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. என்னைத் தாண்டிப் போய் மகள் முன்னால் நின்று, என்னடி குறைச்சல் என்று கேட்டாள்.

மலர்விழி சொன்னாள்: "கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க. என்னன்னு கேட்டா, அப்புறம் சொல்றேன்கற. ஒரு நாளாவது சொன்னியா? எதுக்குன்னே தெரியாம கடைசி ஆளா நானும் சிரிச்சு வெக்கறேன்."

அதைக் கேட்ட பிறகுதான் ஆக்சிலியா உட்கார்ந்தாள். இனி ஷார்ட்ஹேண்டில் எழுதுகிறேன், சார் வாயைத் திறந்தால் ஒன்றும் விடமாட்டேன், நீ அதைப் படிக்க மட்டும் கற்றுக்கொள் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாப்பா, அந்தக் கோழிக் கிறுக்கல இவ எங்க படிக்கப் போறா?"

"அது சத்தத்த எழுதறது அங்கிள். பதினோரு வருசம் கேட்டவதானே, மறந்தா போயிருப்பா?"

பாடத்தை மட்டும் எழுதினால் போதாதா, கை ஒடிந்துவிடுமே என்றேன்.

"எது வேணும் எது வேணாம்னு இவளுக்கு நான் யாருங்க முடிவு பண்றது? இத்தன நாளா அதத்தான் பண்ணிட்டிருந்திருக்கேன்." பொங்கல் வரை டைம் கேட்டாள். கொடுத்தேன்.

பஸ்ஸில் போகையில் வருகையில் அதுதான் வேலை. கண்டக்டர் கத்துவதை, பக்கத்து சீட்டுச் சண்டையை, எல்லாம் கோடும் வளைவுமாக எழுதி நீட்டுவாள். இவள் தடவித் தடவிப் படிப்பாள். வகுப்பில் ஆக்சிலியாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் எழுதுகிற கை மறைக்கிறது என்று மலர்விழி இடப்பக்கம் மாறினாள். ஷார்ட்ஹேண்டை ஆறவிட்டால் எழுதியவளுக்கே படிக்க வராதாம். அதனால் அன்றன்றைக்கு மாலையே மலர்விழி அதை விரித்து எழுதிவிடுவாள். மறுநாள் ஆக்சிலியா அதைக் காப்பி எடுத்துக்கொள்வாள். சில இடத்தில் ஆக்சிலியா தன் கிறுக்கலில் தானே தடுமாறினால், இவள் படித்துச் சொல்வாளாம். "எங்கையெழுத்து எனக்கே புரியல, இவளுக்குப் புரியுது, என்ன அநியாயம் பாருங்க" என்று என்னிடமே புகார் செய்தாள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு மகள் பஸ் இறங்கி வந்து, பையை வீசிவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். அவ்வளவுதான், ஓசூர்தான் என்று நினைத்துக்கொண்டு எதிரில் போய் நின்றேன்.

"அறுத்துத் தள்ளிட்டாருப்பா அந்த சார். சாளுக்கியர எடுக்கறேன்னு வந்துட்டு, அரை மணி நேரம் அவரு வூடு கட்டற கதைதான். மேஸ்திரி சொல்லாம ஊருக்குப் போயிட்டானாம். அப்புறம் கடைசி பெஞ்சுக்குத் திட்டு. எனக்குத் தூக்கமே வந்துடுச்சு."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எட்டுப் பக்கம் கோடும் புள்ளியும். எனக்கு ஒன்றும் புரியாது. மேஸ்திரி எந்த இடத்தில் என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். ஒரு சின்ன வளைவு.

கல்லூரி வாத்தியாரைப் பற்றி மற்ற பிள்ளைகள் எப்படியெல்லாம் அலுத்துக்கொள்ளுமோ, அப்படி என் மகள் அலுத்துக்கொண்டாள். ஆக்சிலியா, உனக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அவள் பார்க்கும்படி நேரே நின்று, நாளைக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"போகாம? அந்த மேஸ்திரி திரும்பி வந்தானா இல்லையான்னு தெரிய வேணாமா?" என்றாள்.