விளிம்பில் மிஞ்சிய நுரை

என் மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அடுத்த வாரம் அதை அடைக்கப்போகும் மருத்துவர், விடுமுறைக்கு எங்கள் மலைக்கு வந்தவர், தேயிலைச் சரிவின் கீழுள்ள ஒட்டுக்கடையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். குள்ளமான மனிதர். நரைத்த புருவம். ஸ்வெட்டரின் உள்பக்கம் வெளியே இருந்தது.

"டாக்டரே, தையலெல்லாம் வெளிய தெரியுது லா," என்று கடைக்கார அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கைகளிலா என் பிள்ளை?

அவர் விரல், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர்க் கிளாஸின் விளிம்பைச் சுற்றி நுரையை வழித்துக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் மட்டும் எழும்பித் தாண்டியது. மறுபடி சுற்றியது, அதே இடத்தில் தாண்டியது.

"அங்க என்ன டாக்டர்?"

திடுக்கிட்டு விரலை எடுத்தார். "பழக்கம்ண்ணே. பாப்பாவோட ஓட்டையில இந்த ஓரமாத்தான் இதயத்தைத் துடிக்க வைக்கிற இழை ஓடுது. ஊசி பட்டா துடிப்பு தடுமாறிடும். அதான் அங்க மட்டும் தள்ளித் தைப்பேன்."

"அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே." கிளாஸைத் திருப்பி மறுபக்கமாகக் குடித்தார். "இருக்கிற இடம் தெரியும்."

அவருடைய கார் பனிமூட்டத்துக்குள் இறங்கிப்போனது. கிளாஸின் விளிம்பில் அவர் விரல் தாண்டிய இடத்துத் துளி நுரை மட்டும் மிஞ்சியிருந்தது. கழுவ எடுத்த அக்காவிடம், "கொஞ்சம் இருக்கட்டும்க்கா," என்றேன்.

தையல் ஆறி, இப்போது மகள் தேயிலை வரிசைகளுக்கிடையே மூச்சு வாங்காமல் ஓடுகிறாள். ஓடிவந்து மடியில் விழும்போது அவள் மார்பில் காதை வைக்கிறேன். ஒரு துடிப்பு. அடுத்தது வரும்வரை, டாக்டரின் அந்த விரல் காற்றில் எழும்பியே நிற்கிறது.