நூர்னிசா கணக்கில் ஆறு மெசேஜ்

நூர்னிசா அக்காவுக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றி எரிகிறது. பாதி எரிச்சல் என் மேலேயேதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் எங்கள் மருத்துவப் பஞ்சு ஆலைக்கு வருவார். 1991இல், பஞ்சின் தரம் பார்க்கும் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அங்கே இருந்ததே இரண்டு பேர். வீட்டில் அவர் அத்தா, அதாவது அப்பா, மதார் சாகிப் படுத்த படுக்கை, தங்கை அசீனா படித்துக்கொண்டிருந்தாள். சம்பாதிப்பது அக்கா ஒருத்தர். ஆறு வருஷமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை.

பஞ்சில் ஈரம் கூடியிருந்தால் ஒரு பிடி எடுத்துக்கொண்டு நேரே நான் வேலை பார்த்த பேக்கிங் பக்கம் வந்து நிற்பார். "தம்பி சுந்தரபாண்டி, இதத் தொட்டுப் பாரு. இந்த லாட் மூட்டைய லாரில ஏத்திராத." தொட்டதும் ஈரமா இல்லையா என்ற தகராறு தீர்ந்துவிடும்.

1997இல் ஆலைக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒயர் போட்டு இணைத்தார்கள். ஒருவர் தட்டினால் எல்லார் திரையிலும் மெசேஜ் விழும். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வேலைக்கு உதவுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேனேஜர் ராஜரத்தினம் மெசேஜை எண்ணினார். அதிகம் அனுப்பியவருக்குப் பரிசு, குறைவாக அனுப்பியவருக்கு மெமோ. வாராவாரம் பட்டியல் வேறு.

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டே சொன்னார்: "சீட்ட விட்டு எந்திரிச்சா மெமோதாம்மா. எல்லாம் மெசேஜ்ல வரணும். பெர்மனன்ட் பண்ணும்போது இந்தப் பட்டியலத்தான் பாப்பேன்."

நாங்கள் சும்மா இருப்போமா? காலையில் வணக்கம், பதினோரு மணிக்கு 'டீ வந்தாச்சா' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தள்ளினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் ஆடிப்பூரத்தன்று, லீவு கிடைக்காத கடுப்பில், 'தேர் எங்க நிக்கி?' என்றே முந்நூறு மெசேஜ். அதில் நாற்பத்தொன்று என்னுடையது.

அன்றைக்குத்தான் அக்கா அனுப்பினார்: 'லாட் பதினாலு ஈரம். ஏற்ற வேண்டாம்.' எங்கள் தேர் விசாரணை அதன்மேல் விழுந்து மூடிவிட்டது. நான் பார்க்காமல் லாரியில் ஏற்றினேன். அத்தனையும் பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது.

எல்லாரையும் கூட்டி வைத்து ராஜரத்தினம் கேட்டார்: "ஒரு எட்டு வந்து நேர்ல சொல்லிருக்கலாம்லம்மா?"

எவ்வளவு திமிர் இருந்தால் அந்தக் கேள்வி வாயில் வரும்!

அக்கா எழுந்து நின்றார். "எந்திரிச்சா மெமோன்னு நீங்கதான சார் சொன்னிய? சொன்னபடி மெசேஜ் போட்டேன். எம்புட்டு வந்துச்சுன்னு எண்ணுனியளே, எவனாவது படிச்சானான்னு எண்ணுனியளா?"

ராஜரத்தினத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'மாதம் ஆறு மெசேஜ். சக ஊழியர்களோடு ஒத்துழைப்பில்லை' என்று எழுதி அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார். ஏற்றியது நான், பார்க்காதது நான். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார்.

அடுத்த மாதம், ஆறு மெசேஜ் ஆள் இல்லாமல் போனதால், ஆய்வகத்தில் ஆளுக்கு எத்தனை மெசேஜ் என்ற சராசரி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, திட்டம் வெற்றி என்று ராஜரத்தினம் முதலாளிக்கு அறிக்கை அனுப்பினார்.