ரைட்டர் சிங்கராயரின் இரண்டு வயதுகள்

ஏற்காட்டில் வெள்ளக்கடைப் பக்கம் இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில் பழைய ஆட்களிடம் வயதைக் கேட்டால், பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்.

“எந்த வயசுங்க?”

ஒன்று பிறந்த வயது. மற்றது செக்ரோல் வயது. வேலைக்கு வந்த ஆட்களைத் தினமும் குறித்துவைக்கும் பேரேட்டுக்குத்தான் செக்ரோல் என்று பேர். அதில் பதினெட்டு நிரம்பியவன் முழு ஆள். நிரம்பாதவன் அரை ஆள். அவனுக்குக் கூலியும் அரை. சுமக்கிற கூடை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே மீசை அரும்புவதற்கு முன்பே ஒவ்வொருவனும் பதினெட்டைத் தாண்டிவிடுவான். கங்காணிக்குத் தெரியும், துரைக்கும் தெரியும். யாரும் கிண்டிக் கேட்டதில்லை.

சிங்கராயர் 1938இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குப் பதினான்கு. தகப்பன் மண்ணுக்குள் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. “துரை கேட்டா பதினெட்டுன்னு சொல்லு. நிமுந்து நில்லு” என்றார் கங்காணி. பையன் குதிகாலைத் தூக்கி எம்பி நின்று பதினெட்டு என்றான். துரை அந்தக் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கு 1924இல் பிறந்தவர் 1920இல் பிறந்தவராக ஆனார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து கைகொடுத்தது. கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் முப்பது வயதுக்குள் எஸ்டேட் ஆபீசுக்குள் வந்துவிட்டார். பிறகு பேரேடு எழுதும் ரைட்டர் ஆனார். அதன்பின் எத்தனையோ பதினான்குகளை அவரே தம் கையால் பதினெட்டாக்கினார். ஏற்காடு கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த ஹனீபா ஒருமுறை, “ஏனுங்க ரைட்டரே, இந்தப் பொய்யையெல்லாம் சாமியார்கிட்டச் சொல்லிப் பாவமன்னிப்புக் கேப்பீங்களா?” என்று சீண்டினார்.

“எங்க கோயில்ல மணியடிக்கற கோயில்பிள்ளைக்கே ரெண்டு வயசுங்க, பாய். அதை எழுதுனதே நாந்தான்.”

ஹனீபா அன்று வெகுநேரம் சிரித்தார்.

சிங்கராயருக்கு ஒரே மகள், ஜெயகுமாரி. நர்ஸ் படிப்பு முடித்து 1972இல் இங்கிலாந்துக்குப் போனாள். லெஸ்டர் என்ற ஊரில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். 1979இல் சிங்கராயரின் மனைவி மரியபுஷ்பம் காலமானாள். காரியத்துக்கு வந்த மகள் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“எங்கூட வந்துருங்கப்பா. கீழ்ரூம் உங்களுக்குத்தான்.”

“பாக்கலாம் கண்ணு.”

இந்தப் ‘பாக்கலாம்’ ஆறு வருடம் நீடித்தது.

அவர் வெறுமனே தள்ளிப்போடவில்லை. மெய்யாகவே தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே அவருக்குப் பெண்டாட்டியின் கல்லறை இருந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை இருந்தது, கடைவீதியில் நடந்தால் நூறு அடிக்கு ஒருதரம் கும்பிடு இருந்தது. அங்கே மகள் இருந்தாள். ஆனால் மகள் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. இங்கே காய்ச்சல் வந்தால் வெந்நீர் வைக்க ஆளில்லை. அங்கே வெந்நீர் குழாயிலேயே வருமாம், பேசத்தான் ஆளில்லை.

ஹனீபாவின் கடையில் இந்த விவகாரம் ஊர்ப் பஞ்சாயத்தே ஆகிப்போனது. உப்பு வாங்க வந்தவனும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவான்.

“அங்க செத்தா பொதைக்கற எடத்தையும் வெலைக்கு வாங்கோணுமாமா” என்பார் எஸ்டேட் லாரி ஓட்டும் அங்கப்பன்.

“இங்க மட்டும் சும்மாவா குடுக்கறாங்க? குழிவெட்டறவனுக்குச் சாராயம் யாரு வாங்கித் தர்றது?” என்பார் ஹனீபா.

“நீங்க என்ன சொல்றீங்க, பாய்? போகலாங்கறீங்களா, வேண்டாங்கறீங்களா?”

“நீங்க போனா எனக்கு நட்டம். பேச்சுத்துணைக்கு இந்த அங்கப்பந்தான் மிச்சம். இருந்தா உங்களுக்கு நட்டம். உங்க நட்டத்த நாஞ் சொன்னா நல்லாருக்குமுங்களா?”

செக்ரோல்படி 1980இல் சிங்கராயருக்கு அறுபது ஆனது. ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். பழைய பேரேடுகளில் எது எங்கே இருக்கிறது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாததால், வருடா வருடம் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். உடம்பு அதற்கு இடம் கொடுத்தது. கொடுக்காமல் என்ன? மெய்யான வயது ஐம்பத்தாறுதானே.

1985இல் எஸ்டேட் கைமாறியது. புதிய மேனேஜர் சேலத்துக்காரர், நாற்பது வயது இருக்கலாம். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். டிசம்பரில் கூப்பிட்டுச் சொன்னார்.

“அறுபத்தஞ்சு ஆச்சுங்களே, போதுமுங்க. மார்ச் கடைசியில குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. புது ரைட்டர் குடும்பத்தோட வர்றாரு.”

அன்றைக்குத்தான் சிங்கராயருக்கு உறைத்தது. ஆறு வருடமாகத் தராசின் ஒரு தட்டில் அவர் வைத்திருந்த வீடு அவருடையதே அல்ல. முப்பது வருடம் குடியிருந்த ஓட்டுவீடு, மரியபுஷ்பம் வைத்த ரோஜா, பின்னால் கோழிக்கூடு, எல்லாம் எஸ்டேட்டுடையவை.

வாடகைக்கு வீடு தேடினார். ஏற்காட்டில் அப்போது வெளியூர்க்காரர்கள் வந்து இடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இருந்த இரண்டு மூன்று சிறு வீடுகளும் கோடைக்கு வருகிறவர்களுக்கென்று பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டுக்கார அம்மாள், ராசாத்தி என்று பேர், அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

“தப்பா நெனைக்காதீங்க ரைட்டரய்யா. தனிக்கட்டையா இருக்கற வயசானவங்களுக்கு ஊடு விடறதில்லீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க ஆரைத் தேடறது?”

அந்த வாரமே மகளுக்கு எழுதினார்: வருகிறேன்.

எழுதிப் போட்டபின் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுவரை பாரமாக இருந்த இங்கிலாந்து மெல்ல மெல்ல ஆசையாகிவிட்டது. சேலத்துக்குப் போய்க் கம்பளிச் சட்டை வாங்கினார். கோழிகளை அங்கப்பன் பெண்டாட்டிக்குக் கொடுத்தார். கட்டிலும் பீரோவும் போயின. “கீழ்ரூம்ல ஜன்னலுக்கு வெளிய ஆப்பிள் மரமாமுங்க, பாய்” என்று ஹனீபாவிடம் நான்கு தடவை சொன்னார்.

மகள் விவரமாக எழுதியிருந்தாள். மனைவியை இழந்த தகப்பனைக் கூப்பிட்டுக்கொள்வதானால் அவருக்கு அறுபத்தைந்து ஆகியிருக்க வேண்டும். சிங்கராயர் யோசித்தார். பிறந்த கணக்கில் அறுபத்தொன்று. செக்ரோல் கணக்கில் அறுபத்தைந்து. நாற்பத்தேழு வருடமாக அவருக்குச் சோறு போட்டது செக்ரோல் வயது. ஓய்வு கொடுத்ததும் அதுதான். வீட்டைவிட்டு அனுப்புவதும் அதுதான். மெய்யான வயது அவருக்கு இதுவரை எந்த உபகாரமும் செய்ததில்லை. எஸ்டேட் சான்றிதழை வைத்தே பாஸ்போர்ட் எடுத்தார். அந்தச் சான்றிதழையும் வழக்கம்போல அவரே எழுதினார். மேனேஜர் கையெழுத்து மட்டும் போட்டார். பிறந்த வருடம் 1920.

ஜெயகுமாரி தமக்கும் மரியபுஷ்பத்துக்கும் பிறந்தவள் என்று காட்ட, திருமணச் சான்றிதழும் வேண்டியிருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது: 1946இல் கோயிலில் பிரெஞ்சுச் சாமியார் எழுதிக் கொடுத்த காகிதம், முழுக்க லத்தீனில். பெயர்களைச் சரிபார்த்தார், தேதியைச் சரிபார்த்தார், முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண் என்று அதில் இருந்தது தேதி ஒன்றுதான். மீதியெல்லாம் எழுத்து. பூசையில் காதால் கேட்ட லத்தீன்தான் அவருக்குத் தெரியும். கண்ணால் படிக்கத் தெரியாது.

பிப்ரவரியில் மெட்ராஸில், பிரிட்டிஷ் தூதரக ஆபீசில் விசா நேர்காணல். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. அவர் முறை வந்தபோது உள்ளே ஒரு இளம் வெள்ளைக்காரர் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க மெட்ராஸ்காரப் பெண் ஒருத்தி. அதிகாரி மரியாதையானவர். மகளைப் பற்றிக் கேட்டார், உடம்பைப் பற்றிக் கேட்டார். பிறகு திருமணக் காகிதத்தை எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனவர் ஓரிடத்தில் நின்றார்.

“விஜிந்தி துவோ” என்று வாசித்தார். பள்ளிக்கூடத்தில் லத்தீன் படித்ததாகச் சொல்லிச் சிரித்தார். “மாப்பிள்ளையின் வயது. இருபத்திரண்டு.”

அந்தப் பெண் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் சிங்கராயர் கழித்துப் பார்த்துவிட்டார்.

அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார். இதில் 1920, அதில் 1924. எது உண்மை என்று கேட்டார்.

“ரெண்டுமே நெசந்தானுங்க” என்று வாயில் வந்துவிட்டது.

பிறகு விளக்கினார். துரை, கங்காணி, அரை ஆள், முழு ஆள். தாம் அரை ஆளாகப் போகக் கூடாதென்றுதான் கங்காணி அப்படிச் சொல்லச் சொன்னார் என்றார். அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறிவிட்டு, “ஹாஃப் எ மேன்” என்றாள்.

சிங்கராயருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். “நோ சார். ஹாஃப் மேன் இல்லை சார். ஹாஃப் வேஜஸ்” என்று பதறினார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு எஸ்டேட் சான்றிதழையும் சிங்கராயர் பூர்த்தி செய்த விண்ணப்பத்தையும் அருகருகே வைத்தார். முத்துமுத்தான கையெழுத்து. இரண்டிலும் ஒன்றே.

“இந்தச் சான்றிதழை எழுதியது யார்?”

“நாந்தானுங்க.”

அதற்குமேல் கேள்வி இல்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வயது போதவில்லை என்று மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. பொய்யான ஆவணம் கொடுத்தார் என்று இருந்தது. ஹனீபா கடையில் அதைப் படித்துக் காட்டினார்.

“சரி, நெசத்தச் சொல்லியிருந்தா மட்டும் உட்ருப்பாங்களா?”

“உட்ருக்க மாட்டாங்க. இன்னும் நாலு வருசம் பொறுன்னு சொல்லியிருப்பாங்க.”

“அப்ப பொய்யால ஒண்ணும் கொறையலயே, ரைட்டரே.”

“அந்த நாலு வருசம் கழிச்சுப் போகறதுக்கு இருந்த வழி கொறஞ்சு போச்சுங்க, பாய்.”

ஹனீபா கடிதத்தை வாங்கி மடித்து அவர் பையில் வைத்தார். அங்கப்பன் பீடியை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் சிங்கராயர் அதே லத்தீன் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனார். அவமானம் என்று தெரிந்துதான் போனார்.

“சார், எனக்கு மெய்யாலுமே அறுவத்தொண்ணுதானுங்க. இந்தாங்க, கோயில் காகிதம். இன்னொரு நாலு வருசம் இருக்க உட்டீங்கன்னா...”

மேனேஜர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஒண்ணுமே புரியலீங்களே. செக்ரோல்ல என்ன இருக்குது?”

“அறுவத்தஞ்சுங்க.”

“எழுதினது யாரு?”

“மொதல்ல எழுதினது துரைங்க. அப்புறம் வருசா வருசம் புதுப் பேரேட்டுல நான் எழுதுனேனுங்க.”

“அப்புறம் என்னங்க?” என்றார் மேனேஜர். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கு மெய்யாகவே அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் முப்பதாம் தேதி மலையைவிட்டு இறங்கினார். கட்டிலும் பீரோவும் முன்பே போயிருந்ததால் மூட்டை சிறியதுதான். அங்கப்பன் லாரியில் கொண்டுவந்து விட்டார். அடிவாரத்தில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் ஒரே அறை; தகரக் கூரை. கடைக்காரர் தனிக்கட்டையா என்று கேட்கவில்லை. பகலில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும் அவருக்கு. வாழ்நாள் முழுக்கக் குளிரில் இருந்தவருக்கு ஏப்ரல் வெயில் பொறுக்கவில்லை. ஈரத்துண்டை மேலே போட்டுக்கொண்டு தரையில் படுத்துக் கிடந்தார்.

ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் மேலே போய்ப் பூசை பார்த்து, கல்லறைக்குப் போய், ஹனீபா கடையில் அரைமணி உட்கார்ந்துவிட்டு இறங்குவார். முதல் வருடம் வாராவாரம் போனார். பிறகு முழங்கால் விடவில்லை, மாதம் ஒருமுறையானது. கடைவீதியில் கும்பிடு போட்டவர்களில் பாதிப்பேர் வேறு எஸ்டேட்டுகளுக்குப் போய்விட்டார்கள். மீதிப்பேர், “ஏனுங்க, இங்கிலாந்து போகலீங்களா?” என்று கேட்டார்கள். கேட்டவர்களிடம் குற்றமில்லை. பதில்தான் நீளம்.

ஜெயகுமாரி விடவில்லை. வக்கீலைப் பார்த்தாள், கடிதம் போட்டாள். 1989இல், அவருக்கு மெய்யாகவே அறுபத்தைந்து ஆன மாதத்தில், புது விண்ணப்பத் தாள்கள் வந்தன. எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள் அப்பா, இந்த முறை கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாள். கீழ்ரூமுக்குப் புது வர்ணம் அடித்திருப்பதாகவும் எழுதியிருந்தாள்.

சிங்கராயர் பேனாவில் மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பெயர் எழுதினார். பிறந்த வருடம் 1924 என்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாளில் எழுதினார். அடுத்த பக்கத்தில் கேட்டிருந்தார்கள்: இதற்குமுன் விசா மறுக்கப்பட்டதுண்டா? ஆம். காரணம்? அதற்கு ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.

அந்த ஒரு வரிக்குள் போகிற மாதிரி அவருக்கு வாக்கியம் வரவில்லை. பழைய தாளில் தனியாக எழுதிப் பார்த்தார், அடித்தார், மறுபடி எழுதினார். எந்த இங்கிலீஷில் எழுதினாலும் திருடன் சொல்கிற சாக்குப் போலவே இருந்தது. மெட்ராஸில் அந்த இளைஞன் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த விதம் கண்முன் வந்தது. இன்னொருதரம் அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது என்பது நிச்சயமாகத் தெரிந்தது. தாள்களை மடித்துக் கவரில் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து, அனுப்பிவிட்டீர்களா என்று மகள் கேட்டு எழுதினாள். இந்த வருடம் மேலே பூமழை சரியான நேரத்தில் பெய்தது, காப்பி வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடக்கிறதாம், அங்கப்பன் வந்து சொன்னார், என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல் என்று பதில் போட்டார்.

அடுத்த கடிதத்தில் மறுபடியும் கேட்டாள். அவர் முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கியதைப் பற்றி எழுதினார்.

அதற்கடுத்த கடிதத்தில் அவள் அதைக் கேட்கவில்லை.