பூதக்கண்ணாடி பார்க்காத ஒரு வரி

என் ஒன்றுவிட்ட தம்பியின் மூத்த மருமகளைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். பூதக்கண்ணாடி என்றால் உடனே, "அவளா!" என்பார்கள். அந்தப் பெயர் அவள் கல்யாணத்திலேயே ஒட்டிக்கொண்டது. அவள் பெரியப்பா அறுநூறு பத்திரிகை அச்சடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். கல்யாணப் பெண் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, தேதி சரி. கிழமை தப்பு" என்றாள். மனுஷருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வீடே உட்கார்ந்து இரண்டு நாள் பேனாவால் திருத்தியது.

அந்தக் கண்தான் அவளுக்குச் சோறு போட்டது. கம்ப்யூட்டர் கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் மென்பொருளை, அது வெளியே போகுமுன் தட்டித் தட்டிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. பதினொரு வருஷம் பார்த்தாள். அப்புறம் புருஷனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு மூன்று பேருமாகக் கிளம்பினார்கள்.

விடைபெறப் போனபோது மேலதிகாரி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு மாசம் உன் இடத்துல யாரையும் போடமாட்டேன். அங்க ஒண்ணும் அமையலைன்னா வந்துடு. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றாள்.

புது ஊரில் ஒரு சம்பளத்தில் மூன்று பேர் காலம் தள்ள முடியாது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டார்கள்: ஆறு மாசத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் அவள் மகளோடு பழைய ஊருக்குத் திரும்புவது, அவன் மட்டும் இங்கே தனியாக இருப்பது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

நாலாவது மாடி வீட்டில், துணி துவைக்கிற இயந்திரம் சுழலும்போதெல்லாம் கூடவே ஆடுகிற சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நூற்றுக்கு மேல் விண்ணப்பம் அனுப்பினாள். மெயிலில் பதில் போட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, "வருந்துகிறோம்" என்றார்கள். வேண்டாம் என்பவர்கள்தான் எழுதுவார்கள், வேண்டும் என்பவர்கள் போனில் கூப்பிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். போன் மட்டும் வாயே திறக்கவில்லை. ஐந்தரை மாசம் ஓடிப் போயிற்று. மகளின் பள்ளிக்கூடத்தில் விலகல் கடிதம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை மாமியாரிடமிருந்து போன் வந்தது. மாமியாருக்கு எப்போதும் ஊர் வம்புதான் முதலில். அதை முடித்துவிட்டு, "ஏம்மா, இந்தத் திருட்டுப் பசங்க தொல்லை தாங்கலடி. நேத்தும் ஒரு போன்" என்றாள்.

"என்ன திருட்டுப் பசங்க அத்தை?"

"உன் பேரைச் சொல்லிக் கேக்கறாங்க. வேலை தர்றோம், எப்ப வர முடியும்னு. நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்ன? வேலை தர்றேன், பரிசு தர்றேன்னு எவனாவது பேசினா ஒண்ணும் சொல்லாதீங்க, ஏமாத்துவாங்கன்னு. நான் விடுவேனா? வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் மாறும்போது புது நம்பர் வாங்கிக்கொண்டு, பழைய நம்பரை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். விண்ணப்பத்தில் விலாசத்தை மாற்றினாள். நம்பரை மாற்றவில்லை.

"எத்தனை பேர் அத்தை?"

"பதினொண்ணு. காலண்டர் பின்னாடி எல்லா நம்பரும் எழுதி வச்சிருக்கேன், போலீஸ்ல குடுக்கலாம்னு."

"அத்தை, உங்களுக்குக் கோயில் கட்டலாம். படிங்க, படிங்க!"

"எதுக்குடி கோயிலு? நான் என்ன பண்ணினேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கிழவி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

அவள் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஏழு இடத்தில் ஆள் எடுத்தாகிவிட்டது. மூன்று இடத்தில் போனை எடுக்கவே இல்லை. பதினோராவது நம்பரில் ஒரு பெண் பேசினாள்.

"நீங்களா? உங்க வீட்டுப் பெரியம்மாகிட்ட நான் ரெண்டு தடவை திட்டு வாங்கியிருக்கேங்க."

"மன்னிச்சுடுங்க. என்ன சொன்னாங்க?"

"'வேலை வாங்கித் தர்றியா? முதல்ல நீ ஒரு நல்ல வேலைக்குப் போ'ன்னாங்க. ஆபீஸே சிரிச்சுது." அந்தப் பெண்ணும் சிரித்தாள். "இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நாளைக்கு வர முடியுமா?"

டயர் கடைக்கு மேல் மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கிற ஆபீஸ் அது. முதலாளி சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். அவள் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் கேட்டார்.

"பிழை கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை. உங்க தாள்லயே பிழை. ஐந்தரை மாசம் தெரியலை. எப்படிம்மா நம்பறது?"

போன் கெட்டுப் போயிற்று, அது இது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் சமாளிக்கவில்லை.

"பன்னிரண்டு வருஷமா எழுதின நம்பர் சார். கை தானா எழுதுது, கண் தானா தாண்டிப் போயிடுது. அதனாலதான் எங்க வேலையில, எழுதினவங்களே அதைச் சோதிக்கக் கூடாதும்பாங்க. அடுத்தவங்க எழுதினதைக் குடுங்க, அப்புறம் பேசுங்க."

அவர் கம்ப்யூட்டரில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்கிற ஒரு மென்பொருளைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் கொடுத்தார். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் ஒன்பது ஓட்டை கண்டுபிடித்து வரிசையாக எழுதிக் கொடுத்தாள். ஏழாவதைப் படித்ததும் அவர் காதைச் சொறிந்துகொண்டார். பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி பிறந்தவர்களை அந்த மென்பொருள் உள்ளே விடவே இல்லை.

"இது நான் எழுதினதும்மா. நானே நாலு தடவை சோதிச்சும் பார்த்தேன்."

'நான் சொன்னேனா இல்லையா' என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

"திங்கட்கிழமை காலையில ஒன்பதரைக்கு வந்துடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் அடுப்படியில் நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தான். அவள் வாய் திறக்குமுன் அவள் முகத்தைப் பார்த்தான். அடுப்பை அணைத்தான். கரண்டியைக் கையில் பிடித்தபடியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க, ஏன் உட்கார்ந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. காலு ரெண்டும் கொஞ்ச நாளாவே வலிக்குது. இப்பத்தான் தெரியுது."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் உள்ளே ஓடி வந்து, தரையில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் இந்த ஸ்கூல்லயேதானா?"

"இந்த ஸ்கூல்லயேதான்."

"அப்ப நாளைக்குக் கணக்குப் பரீட்சை எழுதணுமா?" என்று கேட்டாள் மகள். அந்த வீட்டில் அன்றைக்கு அவள் முகம் ஒன்றுதான் வாடியிருந்தது.