ஏணையில் பிறந்த பாட்டும் ‘போறன்’ என்ற சொல்லும்

எங்கள் பாட்டில் ‘போறன்’ என்ற சொல்லை எழுதியது சரியா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் இசைக்குழுவின் பெயர் ‘ஏணை’. கூரையின் வளைமரத்தில் கட்டும் சேலைத் தொட்டிலைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். குழுவில் மூன்றே பேர். கிற்றார் என் தம்பி. கீபோர்ட், சேர்ச்சில் வாசிக்கும் பக்கத்து வீட்டு அக்கா. எழுதுவதும் பாடுவதும் நான்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது துள்ளலான பாட்டு எதற்கும் தூங்கமாட்டாள். சோகமாக இழுத்து முனகினால்தான் கண் செருகும். குழந்தைக்கு இது நல்லதா என்று பயந்துகொண்டே வாய்க்கு வந்ததைப் பாடுவேன். ஒரு மத்தியானம், ஏணைக் கயிறு வளையில் உரசும் சத்தத்தையே தாளமாக வைத்துத் தம்பி கிற்றாரை மீட்டினான்.

“அக்கா, புள்ள நித்திர. எனக்குத்தான் அழுகை வருகுது” என்றான்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்: “நிப்பாட்டாதீங்க, கீபோர்ட்டத் தூக்கிட்டு வாறன்!”

அப்படித்தான் தொடங்கினோம்.

என் கணவருக்குப் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை. வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். அவர் புறப்படும் காலைகளைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். எங்கள் பக்கத்தில் வாசலில் நின்று யாரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்வோம். சொல்லக்கூடாத அந்தச் சொல்லையே பல்லவியின் முடிவில் வைத்தேன்.

போன மாதம் அவருடைய ஹோட்டலிலேயே அதைப் பாடினோம். ‘போறன்’ வந்ததும் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. கையில் தட்டோடு என் கணவர் அசையாமல் நின்றார். உன்னிச்சைக் கிராமத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் ஓர் அம்மா என் கையைப் பிடித்து, “என்ட மகன் வெளிநாட்டுக்குப் போகக்குள்ள இப்பிடித்தான் புள்ள சொன்னவன்” என்றார். அன்று வந்த பெருமை இன்னும் இறங்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை கணவர் மோட்டார் சைக்கிளில் ஏறியபோது, இப்போது இரண்டு வயதான மகள் வாசலில் நின்று கையசைத்து, சுதி பிசகாமல் பாடினாள்: “போறன்... போறன்...”

அபசகுனம் என்று மாமி, அதாவது கணவரின் அம்மா, அவரை வண்டியிலிருந்து இறக்கி, உள்ளே கூட்டிவந்து இருத்தி, தண்ணீர் குடிக்கக் கொடுத்துத் திரும்ப அனுப்பினார். பிறகு என்னிடம், “ஒரு சொல்லுத்தானே புள்ள, மாத்தினா என்ன?” என்றார்.

தம்பியிடம் கேட்டேன். “‘போயிட்டு வாறன்’ எண்டு பாடினா அது பாட்டில்ல அக்கா, பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள்ர கதை” என்றான்.

அவன் சொல்வது சரி. மாமி சொல்வது பிழை என்றும் என்னால் சொல்லமுடியவில்லை. மகளின் சுதியை நினைத்துப் பூரித்த நானேதான், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று கணவர் போன் பண்ணும்வரை வாசலை விட்டு நகராமல் நின்றேன்.

வரும் ஞாயிறு அந்தப் பாட்டைப் பதிவு செய்கிறோம். பதிவான பிறகு மாற்ற முடியாது. வேலைக்குப் போனவருக்காகக் காத்திருந்து பழகியவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: அந்தச் சொல்லை அப்படியே பாடட்டுமா, மாற்றட்டுமா?