பெரியப்பாவுக்கு மேல ஏறின சித்தப்பா

பிரஸ்ஸுக்குள்ள நுழைஞ்சாலே மை வாசனையும், மிஷின் துடைக்கிற மண்ணெண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்குல ஏறும். காஞ்சிபுரத்துல என் மொத வேலை அங்கதான்... கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றது.

கவுன்டர்ல விண்டோஸ் கம்ப்யூட்டர். உள்ள எனக்கு லினக்ஸ், ஃப்ரீயா கிடைக்குதுன்னு மொதலாளி போட்டு வச்சது. ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஷேர் ஃபோல்டர். பாஸ்வேர்டா? தொறந்த வீடுதான். கல்யாண வீட்டுக்காரங்க கவுன்டர்ல உக்காந்து ப்ரூஃப் பாப்பாங்க. ஓகேன்னா அதே ஃபைலை நான் உள்ளேர்ந்து பிரிண்டுக்கு அனுப்புவேன்.

பத்திரிகைல யார் பேரு யாருக்கு மேலங்கறது சின்ன விஷயமா என்ன? திருப்புட்குழி கல்யாணம் ஒண்ணு. அடிச்சு முடிச்சப்புறம் பாத்தா, பெரியப்பாவுக்கு மேல சித்தப்பா பேரு! பொண்ணோட அப்பா குதிச்ச குதியில, மொதலாளி என்மேல பாஞ்சாரு.

"உள்ள குந்திக்கினு இன்னாமா பண்ற? இன்னொரு தபா இப்டி ஆச்சு, வேற வேல பாத்துக்க."

நான் கை வைக்கவே இல்லைன்னு யார்கிட்ட சொல்றது... வீட்ல என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிஞ்சுது. அழுகையா வந்துச்சு.

அன்னைக்கே ஃபோல்டருக்கு பாஸ்வேர்டு போட உக்காந்தேன். விண்டோஸ் ஒத்துக்கவே இல்ல. சரியாத்தான் அடிக்கிறேன், தப்புங்குது! லினக்ஸ்ல லாகின் பாஸ்வேர்டு வேற, ஷேரிங்குக்கு சாம்பாங்கற புரோகிராம்ல தனியா வைக்கிற பாஸ்வேர்டு வேறன்னு, மண்டை காய்ஞ்சப்புறம்தான் வெளங்குச்சு. கடைசியில வழிக்கு வந்துச்சு. கவுன்டர்ல யார் வேணா படிக்கலாம்... மாத்தணும்னா பாஸ்வேர்டு வேணும்.

பத்திரிகையைத் திருத்தி மறுபடி அடிக்கணுமே, அதுக்கு ப்ரூஃப் பாக்க வந்தவரு அந்தச் சித்தப்பாவேதான். கொஞ்ச நேரம் என்னமோ தட்டிட்டு, மொதலாளியைக் கூப்பிட்டாரு.

"இன்னாபா இது... போன தபா நல்லா சேவ் ஆச்சு. இப்ப ஆவ மாட்டேங்குது?"

மொதலாளி மெதுவா என் பக்கம் திரும்பினாரு. அப்பாடா... அன்னைக்கு வந்த மூச்சு இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்த ஆள் போனதும் மொதலாளிகிட்ட பாஸ்வேர்டைச் சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கிட்ட சொல்லாதமா. சொந்தக்காரன் எவனாச்சும் வந்து கேட்டா, தெரியாதுன்னு நெஜமாவே சொல்லிடுவேன்ல."

இப்ப எனக்குன்னு ஒரு டிசைன் கடை இருக்கு. ப்ரூஃப் வாட்ஸ்அப்ல போகுது, சண்டையும் அவங்க குரூப்லயே முடிஞ்சிடுது. எனக்கு நிம்மதிதான்... ஆனா கும்பலா வந்து குந்தி, காப்பி குடிச்சிக்கிட்டே ப்ரூஃப் பாத்த சனங்கள காணோம்.

போன வாரம் மொதலாளி போன் பண்ணாரு. அவரு பொண்ணுக்குக் கல்யாணமாம்.

"பத்திரிகை நீதான் பண்ற. பாஸ்வேர்டு போட்டுடுமா... எங்க வூட்லயும் ஒரு சித்தப்பா இருக்கான்."