பூட்டிய அறைகள் எந்த ஆய்விதழில் சேரும்?

முதல் மறுப்பு வந்தபோது கல்லூரிப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். கைபேசியில் மின்னஞ்சலைத் திறந்தால், "உங்கள் கட்டுரை எங்கள் ஆய்விதழின் எல்லைக்குள் வரவில்லை" என்று இருந்தது. தப்பு என்று சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. அது கதிர்வீச்சுக்கான இதழ். நான் எழுதியதும் கதிர்வீச்சைப் பற்றித்தான். அப்புறம் எந்த எல்லை?

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வேலையோடு சேர்த்து, வீடுகளுக்குள் சேரும் ரேடான் வாயுவை அளந்துகொண்டிருந்தேன். மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது சிதைந்து சிதைந்து வரும் வழியில் ஒரு கட்டத்தில் வாயுவாகிறது. அதுதான் ரேடான். நிறம் கிடையாது, மணம் கிடையாது. தரைக்கு அடியிலிருந்து மெல்லக் கசிந்து மேலே வரும். காற்றோட்டம் இருந்தால் கலைந்து போகும். மூடிய இடமாக இருந்தால் தங்கிவிடும். அதிக அளவில் பல வருஷம் சுவாசித்தால் நுரையீரலுக்கு நல்லதில்லை.

மூடிய இடத்துக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் அனுமதி கிடைத்தது. அங்கே இருந்தவர் ஒரு ஆச்சி. சென்னையில் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, அத்தனை பெரிய வீட்டில் முன்பக்கத்து இரண்டு அறைகளை மட்டும் புழங்கிக்கொண்டிருந்தார். முதல் நாளே என் பையை எட்டிப் பார்த்தார்.

"இந்த டப்பாவ எங்குட்டு வைக்கப் போறீக? கரண்டு வேணுமா?"

"வேணாம் ஆச்சி. சும்மா தொங்கும். உள்ள ஒரு சின்ன பிலிம் இருக்கு. ரேடான்லருந்து வர்ற துகள் அதுல பட்டா தழும்பு விழும். மூணு மாசம் கழிச்சு எடுத்து, காஸ்டிக் சோடாக் கரைசல்ல ஊறவச்சு, மைக்ராஸ்கோப்புல பாப்பேன்."

"காத்துக்கு எக்ஸ்ரே எடுக்குறீகன்னு சொல்லுங்க."

பூட்டியிருந்த அறைகளுக்கு அவரே பங்காளிகளிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். கோயம்புத்தூரில் இருந்த ஒருவர் மட்டும் ரொம்ப யோசித்தாராம். கதிர்வீச்சு என்று வெளியே தெரிந்தால் வீட்டைப் பற்றி என்ன பேசுவார்களோ என்று. "பேசுறவுக வந்து ஒரு நாள் கூட்டிப் பெருக்கட்டும்னு சொல்லிட்டேன்" என்றார் ஆச்சி.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நான் எதிர்பார்த்தபடிதான் அளவு வந்தது. பூட்டிய அறைகளில் அதிகம், புழங்கும் அறைகளில் குறைவு. ஆச்சி என் எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்டார்.

"நான் பயப்படணுமா?"

"நீங்க படுக்குற அறையில பயப்படுற அளவுக்கு இல்ல. ஜன்னல் திறந்தே இருக்கு. பூட்டின அறையில யாராவது குடியிருந்தா யோசிக்கணும்."

"அங்க பாத்திரந்தான் குடியிருக்கு" என்று சொல்லி எழுந்து காபி போடப் போனார்.

இதைத்தான் கட்டுரையாக எழுதி அனுப்பினேன். முதல் இதழ் எல்லை என்றது. இரண்டாவதும் அதே. மூன்றாவது இரண்டே நாளில் திருப்பியது. அதற்குப் பிறகு எனக்குக் கட்டுரையைவிட அந்த எல்லையின் மீது ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு ஆய்விதழின் இணையதளத்திலும் 'நோக்கமும் எல்லையும்' என்று ஒரு பக்கம் இருக்கும். இத்தனை வருஷம் அதைத் தாண்டி நேராகக் கட்டுரைகளுக்குப் போயிருக்கிறேன். இப்போது சமையல் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை மட்டும் படிக்க ஆரம்பித்தேன்.

ஒன்று உயிரணுக்களுக்கானது. கதிர் பட்டபின் மரபணுவில் எந்த இழை அறுகிறது, அது தன்னை எப்படிச் சரிசெய்துகொள்கிறது என்பதுதான் அவர்கள் கவலை. இன்னொன்று முழுக்கக் கருவிகள். கதிரை உணரும் படிகம் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தால் அங்கே இடம் உண்டு, பழைய டப்பாவுக்குக் கிடையாது. வேறொன்றில் மிளகாய்த்தூளும் வெங்காயமும் வந்தன. காமாக் கதிரைக் காட்டினால் தூளில் கிருமி சாகிறது, வெங்காயம் முளைவிடாமல் இருக்கிறது. அடுத்ததில் பிளாஸ்டிக்கைக் கதிரால் உறுதியாக்கும் வேதியியல். விண்வெளிக்குப் போகிறவர்கள் உடம்பில் படும் கதிருக்கென்றே ஒரு இதழ். என் வீட்டுக்காரர் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "என்ன, வெங்காயமா படிக்கிற?" என்றார். கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டு ஒன்றை ஒன்று அறியாத இத்தனை ஊர்கள் இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

கூடப் படித்த தோழி ஒருத்தி மதுரையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் இயற்பியலாளராக இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன்.

"நீங்க எழுதுற இதழ்ல என் கட்டுரையப் போடுவாங்களாடி?"

"எங்க ஆளுக கேக்குறது ஒன்னுதான். கதிர் கட்டிக்குப் போச்சா, பக்கத்துல இருக்குற நல்ல சதைக்குப் போச்சா? உன் வீட்டுல நோயாளி யாரு?"

"யாருமில்ல."

"அப்ப உன் கேள்வி என்ன?"

"எந்த அறையில எவ்வளவு இருக்குன்னு."

"சரி, இவ்வளவு இருக்கு. அப்புறம்?"

அந்த வாரமே இன்னொரு பக்கத்தில் அதே கேள்வி எழுத்தில் இருந்தது. சுற்றுச்சூழல் கதிரியக்கத்துக்கான இதழ் அது. எதை ஏற்கமாட்டோம் என்றும் வெளிப்படையாகப் போட்டிருந்தார்கள். ஓர் ஊரின் அளவுகளை அடுக்கிவிட்டு நின்றுவிடும் கட்டுரைகள் வேண்டாம், அந்த அளவு ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்பவைதான் வேண்டும். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னதுபோல இருந்தது. கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போதுதான் ஒரு அறுபதாம் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அளந்துகொண்டிருந்த காலத்தில் ஆச்சி வீட்டில், பங்காளி ஒருவருக்கு விசேஷம் வைத்தார்கள். வெளியூர், வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து அத்தனை அறைகளையும் திறந்துவிட்டார்கள். மணிக்கு மணி அளவைப் பதியும் கருவி ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கி, உள்ளறை ஒன்றில் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மா அதை வாசனைப் பெட்டி என்று நினைத்து மோந்து பார்த்து, "வாசனையே வரலையே, தீந்துபோச்சு போல" என்றார். ஆள் நடமாட்டத்தால் கெட்டுப்போன பதிவு என்று அந்த நாட்களைக் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தேன்.

அந்தக் கோப்பைத் திறந்து வரைபடமாகப் போட்டேன். கதவு திறந்த காலையில் கோடு சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. கூட்டம் இருந்தவரை அடியிலேயே கிடந்தது. எல்லாரும் பூட்டிவிட்டுக் கிளம்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பழைய உயரத்துக்கு வந்து நின்றது. ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் வந்து தங்கிப் போனது அதில் அப்படியே தெரிந்தது.

கட்டுரையை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை கதவுகள் திறப்பதும் மூடுவதும்தான் பொருள். அதே சுற்றுச்சூழல் இதழுக்கு அனுப்பினேன். சில மாதம் கழித்து, இதழ் கேட்டுக்கொண்டபடி கட்டுரையைப் படித்த ஒரு நிபுணரின் மதிப்புரை வந்தது. எழுதியவர் யார், எந்த நாடு என்று தெரியாது. இயற்பியலில் சின்னச் சின்னத் திருத்தங்கள் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டிருந்தார்: ஆள் இருக்கும் வீட்டில் இந்த அறைகள் மட்டும் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

கண்டரமாணிக்கத்துக்குப் போய் ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எங்கயோ இருக்குறவருக்கு நம்ம வீட்டுப் பூட்டு மேல கவலையப் பாருங்க. எழுதிக்கிடுங்க. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் எங்களுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை. அவுக எந்த ஊருல இருந்தாலும் அந்த அறை அவுகளுக்குத்தான். இன்னொருத்தர் திறந்து புழங்க முடியாது. விசேஷம்னா வந்து திறப்பாக."

அதை நாலு வாக்கியத்தில் எழுதிச் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அச்சில் வந்ததும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். கணக்குகளை எல்லாம் தள்ளிவிட்டு, புள்ளி பற்றிய இடத்தை ஆச்சி விரல் வைத்துப் படித்தார். "என் வீட்டுப் பேரே இல்லையே?"

"போடக் கூடாது ஆச்சி. நீங்க சம்மதிச்சாலும் பங்காளி எல்லாரும் சம்மதிக்கணும்."

"அதுவும் சரிதான்." பிரதியை மடித்து வைத்துவிட்டு, "திறந்து புழங்கத்தான் கூடாது. ஜன்னலத் திறந்து வைக்கலாமான்னு கேட்டுப் பாக்குறேன்" என்றார். கேட்டுமிருக்கிறார். வாரம் ஒரு நாள் வீடு பெருக்க வரும் பெண் இப்போது அந்த ஜன்னல்களையும் திறக்கிறாள். கோயம்புத்தூர்க்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் அதே இதழிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பனிப் பிரதேசத்து வீடுகளில் ரேடான் அளந்து யாரோ எழுதியிருக்கிறார்கள், படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க அங்கே ஜன்னலைத் திறக்கவே மாட்டார்களாம். சரி என்று பதில் போட்டுவிட்டு, பனி விழும் வீட்டில் துணி எங்கே காயப்போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே முதல் பக்கத்தைத் திறந்தேன்.